வைத்தியசாலை நிர்வாகிகளும் அறநெறியும்



சென்ற மாத மருத்துவ உரை முடிந்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் வந்து ஒரு கேள்வி கேட்டார். “பிழை விட்டால் வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். தாதிக்கும் அப்படித்தான். இவர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிற நிர்வாகிக்கு என்ன?” நேரம் முடிந்துவிட்டதால் அன்று ஒரு வரியில் பதில் சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. இலண்டனுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நிர்வாகிகள் கூடும் கூட்டங்களில் மூலையில் இருந்து குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்தப் பதிலின் எழுத்து வடிவம் இது.

முதலில் ஒரு சிறிய வரலாறு. 1980களின் ஆரம்பம் வரை பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில், அதாவது நாங்கள் என்.எச்.எஸ். என்று சொல்வதில், ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனி ஒரு தலைவர் என்று யாரும் இருக்கவில்லை. வைத்தியர், தாதியர், நிருவாகத்தர் எல்லோரும் ஒரு குழுவாக இருந்து ஒத்த கருத்தோடு முடிவெடுக்க வேண்டும். ஒத்த கருத்து வராவிட்டால் முடிவும் வராது. 1983இல் மார்கிரட் தாட்சரின் அரசாங்கம், சேன்ஸ்பரி பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைமையில் இருந்த ரோய் கிரிஃபித்ஸ் என்பவரை அழைத்து இதைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இன்று விளக்கோடு வந்தால் பொறுப்பாளர் யார் என்றுதான் தேடிக்கொண்டு திரிவார் என்ற கருத்தில் அவர் எழுதினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பொது முகாமையாளர் வந்தார். 1991இல் ஆஸ்பத்திரிகள் ‘ட்ரஸ்ட்’ ஆக மாறத் தொடங்கியபோது அந்த முகாமையாளர் பிரதம நிறைவேற்று அதிகாரி ஆனார். பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். ஆனால் எதற்குப் பொறுப்பு? கட்டடத்துக்கும் காசுக்கும் மட்டுமா, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்குமா? அதை அப்போது யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்த விதம் மிகவும் துயரமானது. அது பிரிஸ்டல் நகரத்தில் வந்தது.

பிரிஸ்டல் றோயல் இன்ஃபர்மரி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்யும் விசேட நிலையங்களில் ஒன்றாக 1984இல் அங்கீகரிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான தனி வைத்தியசாலை அதே நகரத்தில் வேறு கட்டடத்தில் இருந்தது. குழந்தை இருதய வைத்தியர்கள் அங்கே. நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையோ பெரியவர்களின் ஆஸ்பத்திரியில். 1988இல் ஸ்டீபன் பொல்சின் என்ற மயக்கமருந்து நிபுணர் அங்கே வேலைக்கு வந்தார். வேறு இடங்களில் தான் பார்த்ததைவிட இங்கே சத்திரசிகிச்சைகளுக்கு அதிக நேரம் எடுக்கிறது, அதிக குழந்தைகள் இறக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. 1990இல் அவர் நேரே நிர்வாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பிறகு தானே எண்ணிக்கைகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

அந்த நிர்வாகத் தலைவர் டொக்டர் ஜோன் றொயிலன்ஸ். பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’ இருப்பதைக் கவனியுங்கள். அவர் கதிரியக்கப் பிரிவில் பயின்ற வைத்தியர். 1985இல் பொது முகாமையாளராகவும், 1991இல் ட்ரஸ்டின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் ஆனவர். அவர் சோம்பேறியோ ஊழல் செய்தவரோ அல்ல. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு உறுதியான கொள்கை இருந்தது. சிகிச்சை பற்றிய தீர்மானம் நிபுணர்களுடையது, ஒரு நிர்வாகி அதில் தலையிடக் கூடாது, நிபுணர்கள் தங்கள் பிழையைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்பதுதான் அது. கேட்பதற்கு அடக்கமான, மரியாதையான கொள்கை. ஒரு நிர்வாகி இப்படிச் சொன்னால் வைத்தியர்கள் அவரை விரும்புவார்கள்.

1995 ஜனவரியில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றுக்குச் சிக்கலான இருதய சத்திரசிகிச்சை செய்யத் திட்டமிடப்பட்டது. அதற்கு முதல் நாள் மாலை வைத்தியர்கள் கூடிப் பேசினார்கள். செய்ய வேண்டாம் என்று பொல்சின் சொன்னார். அமைச்சிலிருந்தும் கவலை தெரிவிக்கப்பட்டது. றொயிலன்ஸ் நிறுத்தச் சொல்லவில்லை. அது நிபுணர்களின் தீர்மானம் என்று விட்டுவிட்டார். மறுநாள் சத்திரசிகிச்சை நடந்தது. குழந்தை இறந்துவிட்டது.

பிறகு பெற்றோர்கள் விடவில்லை. வைத்தியர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் விசாரணைக்கு எடுத்தது. 53 சத்திரசிகிச்சைகளை அது ஆராய்ந்தது. அவற்றில் 29 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 1998இல் தீர்ப்பு வந்தது. சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஒருவருடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, மற்றவர் மூன்று வருடங்கள் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தடை விதிக்கப்பட்டது. மூன்றாவது ஆள் றொயிலன்ஸ். அந்தக் குழந்தைகளில் ஒருவரின் மேலும் கத்தி வைக்காத, அந்த அறைக்குள்ளேயே போகாத அவருடைய பெயரும் நீக்கப்பட்டது.

அவர் கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவிக் கவுன்சிலுக்கு, மேன்முறையீடு செய்தார். (எங்கள் நாட்டு வழக்குகளும் ஒரு காலத்தில் கடல் கடந்து அங்கேதான் போயின என்பது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும்.) அவருடைய வாதம் இதுதான்: நான் அப்போது வைத்தியராக வேலை செய்யவில்லை, நிர்வாகியாக வேலை செய்தேன், நிர்வாகத்தில் பிழை இருந்தாலும் அதை வைத்தியத் தொழிலின் ஒழுக்கக்கேடு என்று எப்படிச் சொல்லலாம்? 1999இல் அந்த வாதம் நிராகரிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியின் தலைவராகவும் பதிவு செய்யப்பட்ட வைத்தியராகவும் இருப்பவர், நோயாளிகளின் பாதுகாப்புக்கு உள்ள கடமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போக முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நேயரின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். றொயிலன்ஸ் வைத்தியராக இருந்தபடியால்தான் அவரைத் தண்டிக்க முடிந்தது. அதே நாற்காலியில் ஒரு கணக்காளரோ, வணிக முகாமைத்துவம் படித்தவரோ இருந்து அதே காரியத்தைச் செய்திருந்தால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அவரைத் தொட்டிருக்க முடியாது. அந்த ஓட்டை இதை எழுதும்வரை முழுதாக அடைபடவில்லை.

பேராசிரியர் இயன் கெனடி தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2001 ஜூலையில் வந்தது. 198 பரிந்துரைகள். 1991க்கும் 1995க்கும் இடையில், வேறொரு சாதாரண நிலையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 வரையான ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதிகமாக இறந்திருந்தார்கள் என்று அது கணித்தது. அந்த அறிக்கையில் என் மனதில் நின்றது எண்ணிக்கை அல்ல. கெட்டவர்களின் கதை அல்ல இது என்று அது சொன்னதுதான். உழைத்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். ஆனால் ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் குதிராக இருந்தது. ஒரு குதிருக்குள் நடப்பது மற்றதற்குத் தெரியாது. எல்லாம் மேலே தலைவரிடம் மட்டுமே போய்ச் சேரும், தலைவரோ அது என் வேலை இல்லை என்பார். பொல்சின் இங்கே தொடர்ந்து வேலை செய்ய முடியாமல் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் குறிப்பு எழுதிய கூட்டங்களில் ‘அறநெறி’ என்ற சொல் வராமல் இல்லை. வரும். செயற்கைச் சுவாசக் கருவியை நிறுத்தலாமா, இரத்தம் ஏற்ற மறுக்கும் நோயாளியை என்ன செய்வது, பரிசோதனை மருந்துக்கு யாரிடம் சம்மதம் வாங்குவது, இவைதான் அறநெறிப் பிரச்சினைகள். அவற்றுக்கென்று பல ஆஸ்பத்திரிகளில் அறநெறிக் குழுவும் உண்டு, நல்ல குழுக்கள். ஆனால் இரவில் முப்பது நோயாளிகளுக்கு எத்தனை தாதியர், முதியோர் வார்ட்டில் சாப்பாடு ஊட்ட ஆள் உண்டா, வேலையை விட்டுப்போன இருவரின் இடத்தை மூன்று மாதம் நிரப்பாமல் விட்டு எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற கேள்விகளை அந்தக் குழுவுக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அவை ‘நிதி’ என்ற தலைப்பில் வரும், பத்து நிமிடத்தில் முடியும். நிர்வாகிகள் இதயமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மேசைக்கு வரும்போது நோயாளி ஒரு வீதமாக, ஒரு நிறமாக மாறிவிடுகிறார். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பேச வேண்டும்.

அந்த நிறம் எப்படி உருவாகிறது என்பதற்கு நானே ஒரு சாட்சி. ஒருமுறை எங்கள் அம்மா ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கும், வார்ட்டில் படுத்திருந்தார். தமிழ்ப் பெயரைக் கண்டு பார்க்கப் போனேன். இரவில் மணி அடித்து அடித்து யாரும் வரவில்லை, படுக்கை நனைந்து விடியும்வரை அப்படியே கிடந்தேன் என்று அழுதார். முறைப்பாட்டுப் படிவம் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, ஒண்டும் எழுதாதேங்கோ. பிறகு அவையள் என்னைத் திரும்பியும் பாக்கமாட்டினம். பிள்ளைக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அவன் சண்டைக்கு வருவான்” என்றார். நானும் எழுதவில்லை. அவருடைய விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தேன் என்று அப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லாமல் விடுதிப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அந்த மாத முடிவில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போன தாளில் அந்த வார்ட்டுக்கு எதிரே முறைப்பாடுகள்: பூச்சியம். நிறம்: பச்சை. அந்தத் தாளைத் தட்டச்சுச் செய்தவன் நான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் கதை பெரும்பாலும் இப்படிப்பட்ட பச்சைத் தாள்களின் கதை. ஸ்டஃபோர்ட் ஆஸ்பத்திரி. பிரிஸ்டல் அறிக்கை வந்து நான்கைந்து வருடங்களுக்குள் தொடங்கியது. அதை நடத்திய ட்ரஸ்டுக்கு அப்போது இரண்டு நோக்கங்கள்: கணக்கைச் சரிக்கட்டுவது, ‘ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட்’ என்ற உயர்ந்த தகுதியைப் பெறுவது. 2006-07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண் மிச்சம் பிடிக்க முடிவெடுத்தார்கள். நூற்றைம்பதுக்கும் அதிகமான வேலையிடங்கள் குறைக்கப்பட்டன. அவசர சிகிச்சைப் பிரிவில், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பு மேசைக்காரர்கள் தீர்மானிக்கும் நிலை வந்தது. சாப்பாட்டுத் தட்டு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது. முதியவர்கள் அழுக்கான படுக்கையில் மணிக்கணக்கில் கிடந்தார்கள். 2008 பெப்ரவரியில் அந்த ட்ரஸ்டுக்கு உயர்ந்த தகுதி கிடைத்தது! அடுத்த வருடமே, 2009 மார்ச்சில், கண்காணிப்பு ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்து நாட்டையே உலுக்கியது.

அவசர சிகிச்சைக்கு வந்தவரை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. நேரம் தாண்டியதை மறைக்க நேரத்தை மாற்றி எழுதும்படி தாதியர் வற்புறுத்தப்பட்டார்கள் என்று ஹெலீன் டொன்னெலி என்ற தாதி வெளிப்படுத்தினார். அதற்காக அவர் உடன் வேலை செய்தவர்களாலேயே மிரட்டப்பட்டார். தாயை அந்த ஆஸ்பத்திரியில் 2007இல் இழந்த ஜூலி பெய்லி என்ற பெண், மற்றக் குடும்பங்களைத் திரட்டிப் போராடினார். அவர்கள் இல்லாவிட்டால் விசாரணையே வந்திராது.

பத்திரிகைகளில் 400 முதல் 1200 பேர் வரை அநியாயமாக இறந்தார்கள் என்று வந்ததை நேயர்கள் வாசித்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். அது புள்ளிவிபரக் கணிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இத்தனை பேர் தவிர்க்கக்கூடிய விதத்தில் இறந்தார்கள் என்று விசாரணை அந்த எண்ணை ஏற்றுக்கொண்டு சொல்லவில்லை. எண்ணே தேவையில்லாத அளவுக்குக் குடும்பங்களின் வாக்குமூலம் போதுமானதாக இருந்தது. சட்டத்தரணி ரொபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பகிரங்க விசாரணை 2013 பெப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. நிர்வாகக் குழு பணத்தையும் இலக்கையும் பார்த்தது, நோயாளியைப் பார்க்கவில்லை என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

பிரிஸ்டலில் தலைவர், சிகிச்சை என் விஷயம் இல்லை என்றார். ஸ்டஃபோர்டில் இலக்கு எட்டினால் கடமை முடிந்தது என்று நினைத்தார்கள். என் கருத்தில் இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அதில் இருப்பவருக்குத் தான் பிழை செய்கிறேன் என்ற எண்ணமே வராது.

நிர்வாகிகளின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. காசு அளவோடுதான் வருகிறது. 1995இல் கேம்பிரிட்ஜ் சுகாதார அதிகாரசபையின் முன் ஒரு பத்து வயதுச் சிறுமியின் விடயம் வந்தது. இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. இன்னொரு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு மொத்தம் 75,000 பவுண் தேவை. முதல் கட்டம் வெற்றி பெற 10 முதல் 20 வீதம் வாய்ப்பு. அது வென்றால் இரண்டாம் கட்டத்துக்கும் அதே அளவு. அவளைப் பார்த்த வைத்தியர்கள், இனி வேதனை தர வேண்டாம் என்றார்கள். தகப்பன் ஏற்கவில்லை. அதிகாரசபை பணம் தர மறுத்தது. வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றம் மீண்டும் யோசிக்கச் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே நாளில் அதை மாற்றி, அளவான நிதியை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்ற கடினமான முடிவை நீதிமன்றம் எடுக்க முடியாது என்றது. பெயர் சொல்லாத ஒருவர் பணம் கொடுத்துத் தனியார் சிகிச்சை நடந்தது. 1996இல் சிறுமி இறந்துவிட்டாள். இடையில் கிடைத்த அந்த ஒரு வருடத்துக்கு அதிகமான காலம் அந்தத் தகப்பனுக்கு எவ்வளவு பெரிது என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அதிகாரசபையின் தலைவர் ஒளிந்துகொள்ளவில்லை. பகிரங்கமாக வந்து, என்ன காரணத்துக்காக மறுத்தோம் என்று விளக்கினார். முடிவு சரியா பிழையா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் வாதாடக்கூடிய விதத்தில் அது வெளிச்சத்தில் இருந்தது. இதை நான் மற்ற இரண்டோடும் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன்.

சரி, சட்டம் இப்போது என்ன சொல்கிறது? 2002 ஒக்டோபரில் என்.எச்.எஸ். முகாமையாளர்களுக்கு ஒரு ஒழுக்கக்கோவை வந்தது. நோயாளியின் பாதுகாப்பே முதல் அக்கறை என்று அதில் இருக்கிறது. ஸ்டஃபோர்ட் நடந்தது அதற்குப் பிறகு என்பதால் அதன் பலம் உங்களுக்கே விளங்கும். 2014 நவம்பரில் இங்கிலாந்தில் இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, பணிப்பாளர்கள் அந்தப் பதவிக்குத் தகுந்தவர்களா என்று சோதிப்பது. மற்றது, சிகிச்சையில் பாரதூரமான பிழை நடந்தால் அதை நோயாளிக்கோ குடும்பத்துக்கோ மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்பது. முதலாவது பல்லில்லாத பாம்பு என்பது பலர் கருத்து. ஒரு இடத்தில் விலகியவர் இன்னொரு இடத்தில் பதவி ஏற்பதை அது தடுக்கவில்லை. 2019இல் ரொம் கார்க் என்ற சட்டத்தரணி, பிழை செய்த பணிப்பாளர்களைத் தடை செய்யும் அதிகாரம் வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2024 நவம்பரில் அரசாங்கம் முகாமையாளர்களை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. குறை சொன்ன ஊழியரின் வாயை அடைக்கும் முகாமையாளருக்குத் தடை விதிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. நேயரின் கேள்விக்கு மீதிப் பதில் அந்தச் சட்டத்தில்தான் தங்கியிருக்கிறது.

இரண்டாவது விதி எங்கள் ஆட்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. பிழை நடந்ததா என்று கேட்பது சண்டை அல்ல. பதில் சொல்வது அவர்களுடைய சட்டக் கடமை. அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமும் இல்லை, மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியிடமே கேட்கலாம். முறைப்பாட்டைச் சம்பவம் நடந்து 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கிடைத்தது என்று மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பதிலில் திருப்தி இல்லாவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். திகதி, நேரம், வார்ட்டின் பெயர், கடமையில் இருந்தவரின் பெயர் தெரிந்தால் அதுவும். படி ஒன்றை வீட்டில் வையுங்கள். எழுத உதவி தேவைப்படுபவர்கள் வழக்கம்போல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தால் வியாழக்கிழமை மாலைகளில் நான் அங்கே இருப்பேன்.